பட்டனைத் தட்டினால் திறக்கும் கேரேஜ் கதவு... பராமரிப்பது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய 2020, 2021-ம் ஆண்டுகளில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, நியூஜெர்சியின் எடிசன் போன்ற ஊர்களில் தமிழர்கள் பலரும் வீடு வாங்கினார்கள். பள்ளிக்கூட ரேட்டிங், கிச்சன் மேடை, சொத்து வரி என்று எல்லாவற்றையும் அலசித்தான் வாங்கினார்கள். அலசாமல் விட்ட ஒன்று, வீட்டு முகப்பில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கேரேஜ் கதவு. அந்தக் கதவைத் தாங்கும் ஸ்பிரிங்குகளின் ஆயுள் இப்போது முடிகிற நேரம்.

வீடு கட்டுபவர்கள் வழக்கமாகப் பொருத்தும் ஸ்பிரிங் 10,000 சுற்றுகளைக் கணக்கிட்டுத் தயாரிக்கப்படுவது. கதவு ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளைக்கு 4 சுற்று என்றால் ஆண்டுக்கு 1,460. ஏறக்குறைய 7 ஆண்டுகள் வரும். ஆனால், அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வாசல் கதவு திறப்பது பெரும்பாலும் விருந்தாளிகளுக்குத்தான். அலுவலகம், பள்ளி, பால் வாங்கக் கடை, சாயங்காலம் பரதநாட்டிய வகுப்பு என வீட்டுக்காரர்களின் போக்குவரத்து எல்லாம் கேரேஜ் வழியாகவே நடக்கிறது. இரண்டு கார் உள்ள குடும்பத்தில் நாளைக்கு 6, 8 முறை சர்வசாதாரணம். 6 முறை என்றால் நாலரை ஆண்டு. 8 முறை என்றால் மூன்றரை ஆண்டுகூட வராது. 2021-ல் புது வீட்டில் பால் காய்ச்சியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மோட்டார் அல்ல, ஸ்பிரிங்தான் தூக்குகிறது

இரண்டு கார் நிற்கும் கேரேஜின் கதவு வழக்கமாக 16 அடி அகலம், 7 அடி உயரம். எஃகுத் தகடு, உள்ளே வெப்பத்தடுப்பு என்று சேரும்போது எடை 70 கிலோவிலிருந்து 110 கிலோ வரை போகும். இவ்வளவு எடையை உட்கூரையில் தொங்கும் அந்தச் சின்ன மோட்டார் தூக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கதவின் எடையைச் சுமப்பது, கதவுக்கு மேலே ஒரு தண்டில் சுற்றியிருக்கும் டார்ஷன் ஸ்பிரிங். கதவு மூடும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது; திறக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, இரு பக்கமும் உள்ள கம்பி வடங்கள் வழியாகக் கதவை மேலே இழுக்கிறது. சரியாக முறுக்கப்பட்ட ஸ்பிரிங் இருந்தால் கதவை ஒரே கையால் தூக்கலாம். மோட்டாரின் வேலை அந்தச் சில கிலோ தள்ளலும் இழுப்பும்தான்.

ஸ்பிரிங் உடையும்போது கேரேஜுக்குள் டமால் என்று வெடிச் சத்தம் கேட்கும். துப்பாக்கிச் சூடோ என்று பயந்து போலீஸை அழைப்பவர்களும் உண்டு. போய்ப் பார்த்தால் ஸ்பிரிங் சுருளில் இரண்டு அங்குல இடைவெளி தெரியும். ஒரு வகையில் இது நல்ல பழுது. சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. சத்தமே இல்லாமல் வரும் பழுதுதான் சிக்கல்.

ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்போது கதவின் எடை மோட்டார் மீது ஏறுகிறது. கதவு திணறுகிறது, பாதியில் நிற்கிறது. பழைய மோட்டார்களில் விசையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். வீட்டுக்காரரோ அவசரத்தில் வந்த ரிப்பேர்காரரோ அதைக் கூட்டிவிடுவார். கதவு மறுபடி ஓடும். பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால், எதிலாவது இடித்தால் நின்று திரும்ப வேண்டிய கதவு, இப்போது கூடுதல் பலத்தோடு அழுத்தும். பாதுகாப்பு ஏற்பாடு பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை. எண்ணெய் போடாமல் விட்டால் கீச்சுச் சத்தம்தானே வரும் என்று அலட்சியப்படுத்த முடியாததற்கு இதுவே காரணம்.

சட்டம் எதுவரை வருகிறது?

தானியங்கி கேரேஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கி, 1982 மார்ச் தொடங்கி சுமார் 60 குழந்தைகள் இறந்திருப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கட்டத்தில் கணக்குச் சொன்னது. எல்லோரும் 2 முதல் 14 வயதுக்குள். இத்தகைய மரணங்களுக்குப் பிறகுதான் 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1993 ஜனவரி 1-க்குப் பிறகு தயாராகும் ஒவ்வொரு வீட்டு கேரேஜ் மோட்டாருக்கும், தடையில் பட்டால் திரும்பும் வசதி மட்டும் போதாது. சிக்கிக்கொள்வதைத் தடுக்க இன்னொரு ஏற்பாடும் கட்டாயம். கதவின் இரு பக்கமும் தரைக்கு அருகே எதிரெதிராகக் கண் சிமிட்டும் அந்தச் சின்ன சென்சார்கள் வந்தது இப்படித்தான். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் அவற்றைப் பொருத்த வேண்டும். தவழும் குழந்தை இந்த ஒளிக்கற்றையைக் கடந்தாலும் கதவு திரும்பி மேலே போய்விடும்.

நல்ல சட்டம். ஆனால், அது கட்டுப்படுத்துவது தொழிற்சாலையை. மோட்டார் வீட்டில் ஏறிய பிறகு அதைத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. காருக்குப் பல மாநிலங்களில் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனை உண்டு. வீட்டின் மிகப்பெரிய நகரும் பொருளான கேரேஜ் கதவுக்கு அப்படி எதுவும் கிடையாது.

ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு: வீடு கைமாறும்போது வரும் ஹோம் இன்ஸ்பெக்டர். சென்சாரைச் சோதிப்பது அவருடைய வழக்கமான வேலைகளில் ஒன்று. ஆனால், 2021-ல் ஒரு வீட்டுக்குப் பத்து பேர் போட்டி போட்ட காலத்தில், இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அதன் பிறகு வட்டி 6, 7 சதவீதத்துக்கு ஏறியதும், குறைந்த வட்டிக் கடனை விட மனமில்லாமல் மக்கள் இருக்கும் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். 2024-ல் அமெரிக்காவில் விற்பனையான பழைய வீடுகள் சுமார் 40 லட்சம்தான். 1995-க்குப் பிறகு இதுதான் மிகக் குறைவு. வீடு விற்கவில்லை என்றால் இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. கதவுக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

மாதம் ஒருமுறை, பத்து நிமிடம்

சோதிப்பதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. முதலில் கதவை மூடி, கேரேஜுக்கு உள்ளே நின்று நிதானமாக ஒரு பார்வை. ஸ்பிரிங்கில் இடைவெளி, வடத்தில் பிரிந்த இழை, ஆடும் ரோலர், கழன்ற போல்ட் ஏதாவது தெரிகிறதா? பிறகு ஒருமுறை திறந்து மூடி, சத்தத்தைக் கவனிக்க வேண்டும். தினமும் கேட்கும் காது போன மாதத்துச் சத்தத்தை மறந்துவிடும் என்பதால், போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

அடுத்தது சமநிலைச் சோதனை. நால்வகைச் சோதனைகளிலும் அதிகம் சொல்வது இதுதான். அதிகம் பேர் செய்யாததும் இதுதான். கதவு முழுவதும் மூடியிருக்கும்போது, மோட்டார் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டாருக்கும் கதவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இப்போது கதவைக் கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டு, மெல்லக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நலம். கீழே இறங்கினால் தளர்ந்துவிட்டது. தானாக மேலே ஏறினால் முறுக்கு அதிகம். தூக்கவே முடியவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: கதவு திறந்திருக்கும்போது சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு மொத்த எடையோடு கீழே விழும்.

கதவு திரும்புகிறதா என்று பார்க்க, டூ-பை-ஃபோர் எனப்படும் மரக்கட்டைத் துண்டு ஒன்று போதும். கடையில் அதன் உண்மையான தடிமன் ஒன்றரை அங்குலம். கதவின் நடுவே தரையில் அதைப் படுக்கையாக வைத்து, மூடும் பட்டனை அழுத்த வேண்டும். கட்டையைத் தொட்ட 2 நொடிக்குள் கதவு திரும்பி மேலே போக வேண்டும். நின்றுவிட்டால் போதாது, கட்டையை அழுத்திக்கொண்டே நின்றால் மிக மோசம். சென்சாருக்கு இன்னும் எளிது. கதவு இறங்கும்போது எட்ட நின்று துடைப்பக் கட்டையை ஒளிக்கற்றையின் குறுக்கே நீட்டினால், உடனே திரும்ப வேண்டும்.

இந்த சென்சார் விஷயத்தில் நடக்கும் தில்லுமுல்லுகள் கொஞ்சநஞ்சமல்ல. குழந்தையின் சைக்கிள் இடித்து சென்சார் லேசாகத் திரும்பினால், சிலந்தி வலை கட்டினால், சாயங்கால வெயில் நேராக அடித்தால், கதவு மூட மறுக்கும். எரிச்சலில் சிலர் இரண்டு சென்சாரையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி டேப் ஒட்டி, உட்கூரைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். கதவு அருமையாக ஓடும். 1993-க்கு முந்தைய கதவாகி விட்டது, அவ்வளவுதான். சுவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சென்சாரை மீறிக் கதவு மூடும் என்பதைக் கண்டுபிடித்து, அதையே பழக்கமாக்கிக்கொண்ட வீடுகளும் உண்டு. ஒரு மெல்லிய துணியால் துடைத்து, இரண்டு விளக்கும் நிலையாக எரியும்வரை நேராக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் விஷயம் இது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கீல்கள், ரோலர் பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு சிலிக்கான் அல்லது லித்தியம் கிரீஸ் ஸ்பிரே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. துரு எடுக்கும் ஸ்பிரே இதற்கு உதவாது. இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். ரோலர் ஓடும் பாதைக்குள் எண்ணெய் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. அங்கே தூசி ஒட்டிக் கெட்டியாகும். துடைத்தால் மட்டும் போதும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

யூடியூபில் ஸ்பிரிங் மாற்றும் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. பொருளின் விலை குறைவு, கூலி அதிகம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால், முறுக்கேறிய டார்ஷன் ஸ்பிரிங்கில், 100 கிலோ கதவைத் தூக்கும் ஆற்றல் எந்நேரமும் காத்திருக்கிறது. தவறான கம்பியைச் செருகி ஒரு சுற்று நழுவினால், அந்தக் கம்பி முகத்திலோ மணிக்கட்டிலோ அடிக்கும். கதவின் அடி மூலையில், வடம் வந்து சேரும் பிராக்கெட்டும் அதே இழுவிசையில்தான் நிற்கிறது. அதன் ஸ்குருவைக் கழற்றுவதும் ஸ்பிரிங்கைத் தொடுவதும் ஒன்றுதான். பார்ப்பது, துடைப்பது, எண்ணெய் போடுவது, சோதிப்பது வரை வீட்டுக்காரர் வேலை. ஸ்பிரிங், வடம், அடி பிராக்கெட் மூன்றும் பயிற்சி பெற்றவரின் வேலை.

பழைய வீடுகளில் ஸ்பிரிங் வேறு மாதிரி, பக்கவாட்டுப் பாதைகளுக்கு மேலே நீளமாக இழுபட்டு நிற்கும். அந்த வகையில் ஸ்பிரிங்கின் நடுவே ஒரு பாதுகாப்பு வடம் ஓட வேண்டும். இல்லையென்றால் உடையும் ஸ்பிரிங் கேரேஜுக்குள் அம்பு போலப் பறக்கும். இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மா

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, ஆறு மாத விசாவில் வந்த தாத்தா, பாட்டி பேரக்குழந்தைகளோடு பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள். வைஃபை பாஸ்வேர்டும் இன்டக்‌ஷன் அடுப்பும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும். சிவப்புக் கயிறு என்ன, கதவு இறங்கும்போது அடியில் ஓடக் கூடாது, பலகைகளுக்கு இடையே விரல் வைத்தால் நசுங்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே விட்டுப்போகும். காரில் கிடக்கும் ரிமோட், குழந்தைக்கு பொம்மை. சுவர் பட்டன் குழந்தையின் கைக்கு எட்டாத, குறைந்தது 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு குடியிருந்தவர் வசதிக்காகத் தாழ்த்தியிருக்கிறாரா என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

வாடகை வீடு என்றால் ரிப்பேர் செலவு பெரும்பாலும் வீட்டு உரிமையாளருடையது. வாய்மொழியாகச் சொல்வதைவிட, சோதனை வீடியோவோடு இமெயில் அனுப்புவது நல்லது. நாளை ஏதாவது ஆனால் அதுதான் சாட்சி.

கரன்ட் போனால்?

2017 அக்டோபரில் வடக்கு கலிஃபோர்னியாவை எரித்த காட்டுத்தீயின்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கேரேஜ் கதவைத் திறக்க முடியாமல் போனது குறைந்தது 5 பேரின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. இதையடுத்து அந்த மாநிலம் 2018-ல் சட்டம் இயற்றியது. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் விற்கும், பொருத்தும் வீட்டு கேரேஜ் மோட்டார்களுக்கு பேட்டரி பேக்கப் கட்டாயம். மீறினால் ஒரு மோட்டாருக்கு 1,000 டாலர் அபராதம்.

இங்கேயும் அதே கதைதான். சட்டம் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. அந்த பேட்டரி சில ஆண்டுகளில் செத்துப்போகும். போகும் முன் விடாமல் பீப் அடிக்கும். நடு ராத்திரியில் பீப் தாங்காமல் பேட்டரியைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போனவர், புதியது வாங்க மறந்துவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கதவு திறக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. பேட்டரியே இல்லாத பழைய வீடு என்றால், வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு, கையால் திறக்கும் பயிற்சி வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த கதவை 70 வயதுக்காரரால் கையால் தூக்க முடியாது. சமநிலைச் சோதனை இங்கேயும் வந்து நிற்கிறது.

செலவுக் கணக்கு

ஆளை வரவழைத்துச் செய்யும் ஆண்டுப் பராமரிப்புக்கு 100 முதல் 200 டாலர், ஸ்பிரிங் மாற்றச் சில நூறு டாலர் என்பது பொதுவான நிலவரம். ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக் காப்பீடு தேய்மானத்துக்குப் பணம் தராது. ‘ஹோம் வாரன்டி’ திட்டங்கள் பலவற்றில் மோட்டார் இருக்கும். கதவும் ஸ்பிரிங்கும் இருக்காது.

புதுக் கதவு விலை வேறு கதை. ‘ரீமாடலிங்’ இதழின் 2024-ம் ஆண்டு அறிக்கைப்படி, கேரேஜ் கதவை மாற்றச் சராசரியாக ஆகும் செலவு சுமார் 4,500 டாலர். வீட்டை விற்கும்போது அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு விலையில் திரும்பக் கிடைக்கும் என்றும், வீட்டுச் சீரமைப்புகளிலேயே அதிக லாபம் இதுதான் என்றும் அது மதிப்பிட்டது. புதிதாக மாற்றினால் சந்தை பாராட்டுகிறது. இருப்பதை எண்ணெய் போட்டு வைத்தால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால், 2025 மார்ச்சில் எஃகு இறக்குமதிக்கு 25 சதவீதம், ஜூனில் பெரும்பாலான நாடுகளுக்கு 50 சதவீதம் என்று வரி ஏறிய பிறகு, எஃகுக் கதவின் பழைய விலையை நம்பித் திட்டம் போட முடியாது. இருக்கும் கதவை இன்னும் சில ஆண்டு ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

இதில் ஏமாற்றும் ஆட்களும் உண்டு. ‘29 டாலருக்கு சர்வீஸ்’ என்று விளம்பரம் பார்த்து அழைத்தால், வந்தவர் ஸ்பிரிங், ரோலர், வடம், மோட்டார் எல்லாமே போச்சு என்று பெரிய பில் நீட்டுவார். அவசரத்தில் தேடுபவர்தான் மாட்டுகிறார். கதவு நன்றாக ஓடும்போதே அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு ஆளின் நம்பரை வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்பிரிங் மாற்றும்போது இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வது ஏமாற்று வேலை இல்லை. இரண்டும் ஒரே அளவு உழைத்தவை. கூலி ஒன்றுதான் என்பதால், கொஞ்சம் கூடுதல் விலையில் 20,000 சுற்று தாங்கும் ஸ்பிரிங் உண்டா என்று கேட்பதும் லாபம்.

நம்ம ஊர் கேட்?

தமிழ்நாட்டில் இந்த வகைக் கதவு அரிது. போர்டிகோவில் கார் நிற்கும், வெளியே இரும்பு கேட். ஆனால், தனி வீடுகளிலும் அடுக்ககங்களிலும் சக்கரத்தில் ஓடும் ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டார் மாட்டுவது பெருகிவருகிறது. அதன் ஆபத்து வேறு மாதிரி: அது சரியும். 2024 ஜூலையில் புனே அருகே பிம்ப்ரி சிஞ்ச்வாடில், தெருவில் விளையாடிய மூன்று வயதுச் சிறுமி மீது கேட் சரிந்து, குழந்தை உயிரிழந்தது. பெரியவர்கள் யாரும் அதை இடித்துத் தள்ளவில்லை. சிறுவன் ஒருவன் கேட்டை மூட முயன்றபோது நடந்தது.

ஸ்லைடிங் கேட்டை நிமிர்த்திப் பிடிப்பவை, மேலே இருபுறமும் உள்ள வழிகாட்டி ரோலர்களும், பாதையின் முனையில் இருக்கும் ஸ்டாப்பரும்தான். ரோலர் தேய்ந்து, ஸ்டாப்பர் துருப்பிடித்துக் கழன்றுவிட்டால், வேகமாகத் தள்ளப்படும் கேட் பிடியைத் தாண்டி ஓடி ஆள் மேல் விழும். தமிழ்நாட்டில் லிஃப்ட் இயக்க 1997-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். வீட்டு கேட்டுக்கு உரிமமும் இல்லை, ஆய்வும் இல்லை. அடுக்ககச் சங்கத்தின் மாதாந்தரப் பராமரிப்புப் பட்டியலில் லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் இருக்கும். ஸ்டாப்பரில் வெல்டிங் விட்டிருக்கிறதா, கேட்டை அசைத்தால் மேலே ஆடுகிறதா என்ற இரண்டு வரியை அதில் சேர்க்க அடுத்த கூட்டத்தில் ஒருவர் கை தூக்கினால் போதும்.